ஐயனார் காட்டுக்குப் பொங்கல் வைக்க வரும் சொந்தங்களுக்கு

கடலூருக்கு மேற்கே எங்கள் குலதெய்வக் காட்டுக்கு ஆடியில் வேன் கட்டி வரும் பங்காளிகள், சம்பந்திகள் எல்லோருக்கும் வணக்கம்.

கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையிலிருந்து நாலடி உள்ளே, போன ஆடியில் யாரோ மூன்று செங்கல் வைத்துப் பொங்கியிருந்தார்கள். சாம்பல் ஆறிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு சாண் உயர வீரைக்கன்று. ஒரு பக்கத்து இலையெல்லாம் கருகிச் சுருண்டிருக்க, மறுபக்கம் மட்டும் பச்சை. இன்னும் ஏழெட்டுக் கன்றுகள் மிதிபட்டு மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. வீரை கெட்டியான மரம், மெதுவாகத்தான் வளரும். அந்தக் கன்று தப்பினால் நம் பேரப்பிள்ளைகள் அதன் நிழலில் உட்காருவார்கள்.

இதைப் புதர்க்காடு என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வெயில்தான். அப்படியும் பச்சை மாறாமல் நிற்பதால்தான் இதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். சோழமண்டலக் கடற்கரையோரம் இந்த வகைக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பவை சிறு சிறு துண்டுகள். அவற்றில் பலவும் சாமிக்குப் பயந்து நம் முன்னோர் வெட்டாமல் விட்டவை. திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் காடுகளில் 1990களில் ஆராய்ச்சியாளர்கள் ஹெக்டேர் கணக்கில் அளந்து மரம் மரமாக எண்ணினார்கள். உலக்கைக்கு வாகான பாலையும், பெருமாளின் நிறத்துக்குச் சொல்லும் காயாவும் இந்த வகைக் காட்டு மரங்கள்தாம்.

அடுப்பை முன்னால் உள்ள திடலிலேயே மூட்டுவோம். விறகு வீட்டிலிருந்தே வரட்டும். உள்ளே போவது அந்த ஒரே பாதையில், ஒருவர் பின் ஒருவராக. பிள்ளைவரத்துக்குத் தொட்டில் கட்டுகிறவர்கள் தயவுசெய்து நைலான் கயிற்றை விட்டுவிடுங்கள். கிளை தடிக்கத் தடிக்க அது பட்டைக்குள் இறங்கி அறுத்துவிடும். பழைய பருத்திச் சேலைக் கிழிசல் போதும், தானே மக்கிப்போகும்.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாதையோரம் தனிக் கம்பு நட்டு மரங்களின் பெயர்ப்பலகை வையுங்கள், மரத்தில் ஆணி அடிக்காமல். என் மகள் அன்று ஐந்து மரத்தைக் காட்டிப் பெயர் கேட்டாள். எனக்குத் தெரிந்தது வீரை ஒன்றுதான்.

அந்தக் கன்றைச் சுற்றி நாலு கல் அடுக்கிவிட்டு வந்திருக்கிறேன். போகும்போது பாதைக்கு இடப்பக்கம். பார்த்துக் கால் வையுங்கள்.