மோகன் பகானின் பதினொரு பேர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூலை 29-ஐ ஒட்டிக் கல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்து கிளப் பற்றித் தங்கள் இதழில் வந்த பெட்டிச் செய்தியைப் பார்த்து மகிழ்ந்தேன். தமிழ்ப் பத்திரிகைகள் கிரிக்கெட்டுக்குத் தரும் இடத்தில் கால்வாசிகூடக் கால்பந்துக்குக் கிடைப்பதில்லை. அப்படியிருக்க, 1911-இல் அவர்கள் வென்ற ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையை நினைவு வைத்து எழுதியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் அதில் இருந்த இரண்டு விஷயங்கள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. வெறுங்காலோடு ஆடிய பதினொரு பேர் வெள்ளைக்காரப் பட்டாளத்தை அதிசயமாக வீழ்த்தினார்கள் என்பது ஒன்று. அந்தத் தோல்வியில் ஆடிப்போய்த்தான் ஆங்கிலேயர்கள் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றினார்கள் என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை அது. தலைநகரை மாற்றலாம், வங்கப் பிரிவினையை ரத்து செய்யலாம் என்ற யோசனையை வைஸ்ராய் அரசின் உள்துறை உறுப்பினர் ஜென்கின்ஸ் 1911 ஜூன் மாதமே குறிப்பாக எழுதிக் கொடுத்துவிட்டார். இறுதி ஆட்டம் நடந்தது ஜூலை 29 அன்று. டிசம்பர் 12-ஆம் தேதி டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தது அந்த யோசனையைத்தான். 1905-இல் கர்சன் வங்கத்தைப் பிரித்ததிலிருந்து ஆறு ஆண்டுகள் அங்கே மக்கள் அந்நியத் துணியை எரித்தார்கள், சிறைக்குப் போனார்கள். பிரிவினை ரத்தானதற்கான பெருமையை அவர்களிடமிருந்து எடுத்து ஒரு பந்தாட்டத்துக்குக் கொடுப்பது நியாயமில்லை. மோகன் பகானுக்கு அந்த இரவல் பெருமை தேவையும் இல்லை.

முதல் விஷயம்தான் எனக்கு முக்கியம். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி கல்கத்தாவில் கழிந்தது. தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட் பக்கம்தான் குடியிருந்தோம். ஜூலை 29 வந்தால் மைதானத்தில் இருக்கும் கிளப் கூடாரத்துக்கு அலுவலக நண்பர்களோடு போவேன். பச்சையும் மெரூனும் கலந்த கொடிகள், மாலை போட்ட பழைய படங்கள், பழைய ஆட்டக்காரர்கள் தொப்பையோடு இறங்கி ஆடும் காட்சி ஆட்டம், "ஜொய் மோகன் பாகான்" என்ற கோஷம். ஒரு வருடம் எனக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் தன் பேரனை நிற்க வைத்து 1911 அணியின் பெயர்களைச் சொல்லச் சொன்னார். பையனுக்கு எட்டு வயதிருக்கும். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கோல்கீப்பரில் தொடங்கினான். பின்வரிசை முடிந்ததும் நேரே ஷிப்தாஸ் பாதுரிக்குத் தாவினான். தாத்தா விடவில்லை. "நடுவில் மூன்று பேர் ஓடியிருக்கிறார்கள், அவர்களை எங்கே விட்டாய்?" என்று மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தார். அந்தக் கூடாரத்தில் நான் கேட்ட பேச்சில் அதிசயம் என்பதே வராது. யார் யாருக்குப் பந்து கொடுத்தார், எந்தப் பக்கம் வழி திறந்தது என்பதைத்தான் பேசுவார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1889-இல் தொடங்கிய கிளப் அது. 1905-இல் கிளாட்ஸ்டன் கோப்பையில், அந்த ஆண்டு ஐ.எஃப்.ஏ. ஷீல்டையே வென்றிருந்த டல்ஹவுசி அணியை 6-1 என்று தோற்கடித்தார்கள். 1906, 1907, 1908 என்று தொடர்ந்து மூன்று முறை டிரேட்ஸ் கோப்பையை வாங்கினார்கள். கிளப்பின் செயலாளர் சைலேன் பாசு ராணுவத்தில் சுபேதார் மேஜர். பட்டாளத்துக்காரர்களோடு மோத பட்டாளத்துக்காரனின் உடம்பு வேண்டும் என்று ஆட்டக்காரர்களை வாட்டி எடுத்தவர். ஷீல்டிலும் அதற்கு முன் ஆடித் தோற்றிருக்கிறார்கள். அந்தத் தோல்வியிலிருந்தும் கற்றுக்கொண்டு வந்த அணி இது.

1911 போட்டியை வரிசையாகப் பாருங்கள். செயின்ட் சேவியர்ஸ் 3-0, ரேஞ்சர்ஸ் 2-1, ரைஃபிள் பிரிகேடு 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டோடு 1-1 சமன். மறு ஆட்டத்தில் 3-0. இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். எல்லாவற்றையும் கண்மூடித்தனமான அதிர்ஷ்டத்தால் ஒரு அணி கடந்துவர முடியுமா?

இறுதி ஆட்டத்தில் முதல் கோல் வெள்ளையர் அணிக்குத்தான் விழுந்தது. ஜாக்சன் அடித்த ஃப்ரீ கிக். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். கடைசி நிமிடங்களில் அவரே பந்தைக் கொண்டுபோய் அபிலாஷ் கோஷிடம் கொடுக்க, அபிலாஷ் வலைக்குள் அடித்தார். 2-1. தானே அடிக்கப் பார்க்காமல், தன்னைவிட நல்ல இடத்தில் நின்றவனுக்குக் கொடுத்தார் கேப்டன். ஷிப்தாஸும் அவர் அண்ணன் பிஜய்தாஸும் இடது பக்கம் அடுத்தடுத்து ஆடியவர்கள். பார்க்க ஒரே சாயல் என்பதால் ஆட்டத்துக்கு நடுவே இடம் மாறி எதிரணியைக் குழப்புவார்கள் என்று கல்கத்தாவில் இன்றும் சொல்வார்கள். வெறுங்கால் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. பின்வரிசையில் ஆடிய சுதீர் சாட்டர்ஜி பூட்ஸ் போட்டுத்தான் ஆடினார்.

அன்று மைதானத்தில் கூடிய கூட்டத்தை அறுபதாயிரம் முதல் எண்பதாயிரம் வரை கணக்கிடுகிறார்கள். கிழக்கிந்திய ரயில்வே தனி ரயில் விட்டது, ஹூக்ளியில் கூடுதல் ஸ்டீமர்கள் ஓடின. டாக்காவிலிருந்தும் பர்த்வானிலிருந்தும் ஆள் வந்து இறங்கியிருக்கிறார்கள். வந்தவர்களில் பலரால் பந்தைப் பார்க்க முடியவில்லை. அவர்களுக்காகப் பட்டம் விட்டு ஸ்கோர் சொன்னார்கள். பட்டத்தை வைத்து ஆட்டத்தைப் புரிந்துகொண்ட அந்தக் கூட்டம்தான் இன்று இந்த நாளைக் கொண்டாடுபவர்களின் மூதாதையர். அவர்களைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு வரி வந்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்கு வங்கத்தின் பூர்வ குடிகளான கோட்டிகள் மோகன் பகானுக்கு, கிழக்கிலிருந்து வந்த பாங்கால்கள் ஈஸ்ட் பெங்காலுக்கு என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும். பகான் ஜெயித்தால் வீட்டில் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன். ஆனால் ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்ததே 1920-இல்தான். 1911-இல் ஆடிய பதினொரு பேரில் பலர், பாதுரி சகோதரர்கள் உட்பட, கிழக்கு வங்கத்து வேர் உள்ளவர்கள். அணியில் கிறிஸ்தவர் இருந்தார். பூட்ஸ் போட்ட அந்த சுதீர் சாட்டர்ஜிதான். வங்காளி அல்லாத சுகுல் இருந்தார். எனவே ஜூலை 29 ஒரு கிளப்பின் திருவிழாவாக இருந்தாலும், அந்தக் கோப்பையில் கிளப்புக்கு வெளியே இருக்கும் பலருக்கும் பங்கு உண்டு. என் அலுவலகத்தில் ஈஸ்ட் பெங்கால் வெறியராக இருந்த ஒரு தாதா (வங்காளத்தில் அண்ணன்) அன்றைக்கு மட்டும் என்னைக் கிண்டல் செய்ய மாட்டார். "இது நம்ம எல்லாருக்கும் உள்ளது" என்பார்.

ரசிகர்கள் இந்த நாளை எவ்வளவு உயிராக வைத்திருக்கிறார்கள் என்பதைச் சமீபத்தில்கூடப் பார்த்தோம். 2020-இல் ஏ.டி.கே. என்ற இன்னொரு கல்கத்தா அணியோடு இணைந்து அணியின் பெயருக்கு முன்னால் அந்த எழுத்துகள் வந்தபோது அவர்கள் ஓயவில்லை, 2023-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற கையோடு பெயரிலிருந்து அது நீக்கப்பட்டது. ஆனால் இதே பற்று கைகலப்பாகி, 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். ஜூலை 29-ஐக் கொண்டாடுகிற அதே ஊர், பதினெட்டே நாள் கழித்து அவர்களை நினைத்து ரத்தம் கொடுக்கிறது. பெட்டிச் செய்தியில் இதற்கு இடமிருக்காது, தெரியும். அடுத்த முறை கட்டுரையாக எழுதும்போது விட்டுவிடாதீர்கள்.

அந்த வெற்றிக்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்ததாகவும் நினைக்க வேண்டாம். இன்னொரு இந்திய அணி ஷீல்டை வாங்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கியது முகமதன் ஸ்போர்ட்டிங். மோகன் பகான் கல்கத்தா லீக்கை முதலில் வென்றது 1939-இல். இரண்டாவது ஷீல்டு கிடைத்தது 1947-இல். அதாவது ஒரு தலைமுறைக்கு மேல் தோற்றுத் தோற்று ஆடியிருக்கிறார்கள். அதிசயம் என்று எழுதிவிட்டால் இந்த இடைப்பட்ட வருடங்கள் அத்தனையும் காணாமல் போய்விடுகின்றன.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு நம் பிள்ளைகளும் காரணம். வியாசர்பாடியில் காலையில் போய்ப் பாருங்கள். தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர்களில் மாலையில் பாருங்கள். வலை இல்லாத கோல் கம்பத்துக்கு நடுவே எத்தனை பேர் ஆடுகிறார்கள்! அந்தக் குமரிக் கடற்கரையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் 2020-இல் பச்சை மெரூன் சட்டை போட்டு ஆடினார். அவரைப் பார்த்து வளரும் பையன்களிடம், வெறுங்கால்காரர்கள் ஏதோ தெய்வாதீனமாக ஜெயித்தார்கள் என்று சொல்வதால் என்ன பயன்? ஆறு வருடம் சின்னச் சின்னக் கோப்பைகளாக ஜெயித்து, தோற்று, உடம்பை உரமேற்றி, பந்தைக் கொடுத்து வாங்கி ஆடப் பழகி, அதற்குப் பிறகு ஜெயித்தார்கள் என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அதுதான் கைக்கு எட்டுகிற செய்தி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செய்தியில் ஷிப்தாஸ் பெயர் மட்டும்தான் இருந்தது. அடுத்த ஜூலையில் பதினொரு பேரையும் போடுங்கள். கோல்: ஹீராலால் முகர்ஜி. பின்வரிசை: பூட்டி சுகுல், சுதீர் சாட்டர்ஜி. நடுவரிசை: மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா. முன்வரிசை: கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜய்தாஸ் பாதுரி, ஷிப்தாஸ் பாதுரி. ஏழெட்டு வரிதான் ஆகும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்