அவர் பீர் குடித்தவர்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் வர்ஜீனியா பக்கத்தில், நம்மவர்கள் நடத்தும் பொங்கல் விழாவுக்குத் தவறாமல் வந்து மெதுவடையை ஒரு கை பார்த்த அமெரிக்கப் பெரியவரை உங்கள் அஞ்சலிப் பகுதியில் நினைவுகூர்ந்ததற்கு நன்றி. அவர் எங்கள் தெருக்காரர். 1970களின் தொடக்கத்தில், இளம் சிப்பாயாக, ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் தெரியாத வீரர் கல்லறைக்குக் காவல் நின்றவர்.

ஆனால் அந்தக் குறிப்பின் நடுப்பத்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பழைய கதை. இந்தக் காவலர்கள் ஆயுள் முழுக்க மதுவைத் தொடக்கூடாதாம், கெட்ட வார்த்தை பேசக்கூடாதாம், இரண்டு வருடம் கல்லறைக்கு அடியிலேயே குடியிருக்க வேண்டுமாம், டிவி பார்க்கக்கூடாதாம். இதில் எதுவுமே உண்மையில்லை. அவரிடமே ஒருமுறை கேட்டேன். பதில் சொல்லாமல் கையிலிருந்த பீர் டின்னை உயர்த்திக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

இந்த வதந்திக்கு ஒரு நூல் முனை இருக்கிறது என்று நினைக்கிறேன். பயிற்சியையும் தேர்வுகளையும் முடித்த காவலருக்கு ஒரு பேட்ஜ் தருகிறார்கள். பணியிலிருந்து விலகிப் பல வருடம் கழித்தும், அந்தப் பணிக்கு இழுக்கு வரும்படி நடந்துகொண்டால் அதைப் பறிக்க விதி உண்டு. அதுதான் கைமாறிக் கைமாறி ‘ஆயுள் விரதம்’ ஆகிவிட்டது போல. காவலர் பணி ஆண்களுக்கு மட்டும் என்று எழுதியிருப்பதும் சரியில்லை. 1996லேயே ஹெதர் ஜான்சன் என்ற பெண் அந்த பேட்ஜைப் பெற்றுவிட்டார்.

விரதக் கதையை விட உண்மையான வேலை கடினம். கறுப்பு விரிப்பின் மேல் 21 காலடி எடுத்து வைத்து நடக்க வேண்டும். திரும்பி 21 விநாடி நிற்க வேண்டும். இன்னொரு பக்கம் திரும்பி இன்னொரு 21 விநாடி. துப்பாக்கியைப் பார்வையாளர்கள் இருக்கும் பக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி 21 காலடி. மிக உயர்ந்த ராணுவ மரியாதையான 21 குண்டு முழக்கத்தைக் குறிக்கும் கணக்கு இது. வெயிலானாலும் பனியானாலும் அதே கம்பளிச் சீருடை. அதைத் தேய்த்துத் தயார் செய்யவே மணிக்கணக்காகும். புதிதாக வருபவர் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை ஏழு பக்கம் வரிக்கு வரி ஒப்பிக்க வேண்டும். நடக்கும் காவலர் தன் பதவிச் சின்னத்தை அணிவதில்லை. உள்ளே இருப்பவர் என்ன பதவியில் இருந்தார் என்று யாருக்கும் தெரியாதே, அவரை விடத் தன்னை உயர்த்திக் காட்டிவிடக்கூடாது என்பதுதான் காரணம். என் மனதில் மிகவும் நின்றது இதுதான், குறிப்பில் இது இல்லை.

இந்தக் காவல் ஆரம்பத்திலிருந்தே இருந்ததும் அல்ல. முதல் உலகப் போரில் இறந்த அடையாளம் தெரியாத வீரரை அங்கே அடக்கம் செய்தது 1921 நவம்பர் 11இல். அப்போது காவலே கிடையாது. மேட்டிலிருந்து ஊர் அழகாகத் தெரிகிறது என்று ஜனங்கள் கல்லறை மேலேயே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் 1925இல் ஒரு சாதாரணக் காவல்காரரைப் போட்டார்கள். மறு வருடம் பகல் நேரத்துக்கு ராணுவம் வந்தது. 1937 ஜூலையிலிருந்துதான் இரவு பகல் இடைவிடாத காவல். 2003இல் இசபெல் புயல் வந்தபோது, ‘போய்விடுங்கள்’ என்ற உத்தரவைக் காவலர்கள் மீறினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஓர் உத்தரவே போடப்படவில்லை. காவல் நிற்கவில்லை என்பது உண்மை, அதை மட்டும் சொல்லியிருந்தாலே போதும். உத்தரவை மீறினார்கள் என்று ஒரு சிப்பாயைப் பாராட்டுவது அவருக்குப் பெருமையும் இல்லை!

அப்புறம், அவருக்கு மிகவும் முக்கியமாக இருந்த ஒரு விஷயம் குறிப்பில் விட்டுப்போயிருக்கிறது. அவர் காவல் நின்ற காலத்தில் வியட்நாம் போர் முடியவில்லை. அந்தப் போரின் பெயர் தெரியாத வீரரை 1984இல்தான் அங்கே வைத்தார்கள். கிடைத்தவை ஆறு எலும்புகள். பிறகு சந்தேகம் கிளம்பி, 1998 மே மாதம் கல்லறையைத் திறந்து, மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். 1972இல் விமானம் சுடப்பட்டு விழுந்த மைக்கேல் பிளாசி என்ற விமானப்படை அதிகாரி என்று தெரிந்தது. குடும்பத்தார் அவரைச் சொந்த ஊரான செயின்ட் லூயிஸுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். ஆர்லிங்டனில் அந்தக் குழி இன்றும் காலிதான்.

கல்லறையைத் திறந்தது தப்பு என்று பழைய சிப்பாய்கள் சிலர் அப்போது கோபப்பட்டார்களாம். இவர் அப்படி இல்லை. ஒரு தாய்க்குப் பிள்ளை திரும்பக் கிடைக்கிறான் என்றால் எத்தனை கல்லை வேண்டுமானாலும் புரட்டலாம் என்பது அவர் கட்சி. இத்தனைக்கும், அந்த வாசலை யாரும் நெருங்கக்கூடாது என்று நின்றவர் அவர். நானும் அவர் கட்சிதான்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும். அவர் மனைவி உங்கள் குறிப்பை யாரையாவது மொழிபெயர்க்கச் சொல்லிப் பத்திரப்படுத்தி வைக்கப்போவதாகச் சொன்னார். மதுவே தொடாத மகானாகத் தன் கணவரைப் படித்தால் அந்த அம்மாள் யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று கேட்பார்.

இப்படிக்கு,
வர்ஜீனியா வாசகர் ஒருவர்