பல் தெரியும் போட்டோவையே மாட்டு

மெல்போர்ன்
ஆடி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அப்பா, உன் வீட்டில், பிள்ளைகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்றே முடித்துவிடுகிறாய். நானும் பாதியில் அழுதுவிடுகிறேன். அதனால்தான் கடிதம். அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

இந்த ஊரில் ஆடிதான் நடுக்குளிர். நீங்கள் பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கலில் முழுக்குப் போடும் நேரத்தில் நான் இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பேன். முதியோர் இல்லத்தில் அதே வேலைதான். எழுப்பி, குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பிட வைக்க வேண்டும். சம்பளத்துக்குக் குறையில்லை, இடுப்புதான் போகிறது. டாண்டினாங் பக்கம் நம்மவர் கடைகளில் கேழ்வரகு மாவு கிடைக்கிறது, ஐஸில் வைத்த மொச்சையும் கிடைக்கிறது. பிதுக்குப்பருப்புக் குழம்பு ஓரளவு வந்துவிட்டது. களிதான் வரவில்லை. துடுப்பு இல்லாமல் மரக்கரண்டியால் கிண்டினேன், கட்டி கட்டியாகிவிட்டது. உன் மாமா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். அவர் பேசாமல் சாப்பிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் தெவசத்துக்கு மாட்டும் போட்டோவைப் பற்றித்தான், அதற்கு முன்னால் ஒரு கதை. போன மாதம் கடைவாய்ப்பல் வலி தாங்காமல் பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். என் முன்பல்லில் இருக்கும் பழுப்புக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளையில் போர்வெல் தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேட்டாள். வெற்றிலையா, ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லையா என்றுதான் இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தண்ணீரைக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

நம் பக்கத்துப் பாறைக்குள்ளிருந்து வரும் ஃப்ளோரைடு செய்த வேலை அது. பல் ஈறுக்குள்ளே உருவாகும் வயதிலேயே ஏறிவிடுவதால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வேடிக்கை என்னவென்றால், மெல்போர்னில் 1977 முதல் குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடை இவர்களே அளந்து கலக்கிறார்கள், பல் சொத்தையாகாமல் இருக்க. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இருந்தால் நல்லதாம். நம் நாட்டில் 1.5 வரைதான் குடிக்கலாம் என்கிறார்கள். நம் பக்கத்துப் போர்வெல்களில் அதைத் தாண்டியதுதான் எத்தனையோ!

அம்மாவுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? பிறந்ததும் வாக்கப்பட்டதும் பென்னாகரம் பக்கமே. சாம்பல், செங்கல் தூள், உப்பு என்று ஒவ்வொன்றாக வைத்துத் தன் பல் கறையைத் தேய்த்துப் பார்த்தது. என்னைப் பெண் பார்க்க சேலம் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் என்னையும் உட்கார வைத்து ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். அன்று சாயங்காலமே அம்மா திண்ணையில் உட்கார்ந்து, வியாபாரி இறக்கிவிட்டுப் போன புளியை உடைக்க ஆரம்பித்துவிட்டது. ஓட்டைத் தட்டி, நாரை உருவி, இடது கையால் பழத்தைப் பிளந்து வலது கையால் கொட்டையை நெம்பும். கண் எங்கேயோ இருக்கும், கை நிற்காது. அந்தக் கூலியில்தான் நம் நோட்டுப் புத்தகம், உன் ஹாஸ்டல் பெட்டி எல்லாம். கடைசியில் முட்டி மடங்காமல் போன பிறகும் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உடைத்தது.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே, அன்றிலிருந்து அம்மாவை யாராலும் அசைக்க முடியவில்லை. பித்தளைத் தவலையில் காவேரித் தண்ணி, பிளாஸ்டிக் குடத்தில் போர் தண்ணி. போர் தண்ணியில் பாத்திரம் கழுவலாம், துவைக்கலாம். குடிக்க, சோறு வடிக்க, களிக்கு உலை வைக்க எல்லாம் தவலைத் தண்ணிதான். உன் வீட்டில் ஒருநாள் குடம் மாற்றி உலை வைத்ததற்கு அம்மா சாப்பிடாமலே படுத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு போன் போட்டு அவள் அழுதாள். மாமியார் கொடுமை என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது பல் டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு, அம்மா சரியாகத்தான் செய்திருக்கிறது என்று தோன்றுகிறது. காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாதாம். உன் வீட்டில் இதைச் சொல், மனசில் ஏதாவது இருந்தால் போகட்டும்.

பெரியவனுக்கு முதல் பல் வந்தபோது எல்லோரும் வெள்ளையாக இருக்கிறது என்று கொண்டாடினோம். அம்மா மட்டும் "பால்பல்லுல என்ன தெரியும், விழுந்து முளைக்கட்டும்" என்றது. ஏழு வயதில் அவனுக்குப் புதுப்பல் வந்ததும் வாசல் வெயிலுக்கு இழுத்துப் போய், உதட்டை விரலால் பிதுக்கிப் பார்த்தது. பிறகு தெருவில் நாலு வீட்டுக்கு அவனைக் கூட்டிப் போய் "ஈன்னு காட்டுடா" என்றது. நீ அப்போது எடுத்த போட்டோதான் நான் சொல்வது. அதில் ஆயாவும் பேரனும் சேர்ந்து "ஈ" காட்டுகிறார்கள். முந்தானையை வாய்க்குக் கொண்டுபோக அம்மா மறந்துவிட்ட ஒரே போட்டோ.

தெவசத்துக்கு மாட்ட ஆதார் கார்டு போட்டோவைப் பெரிசு பண்ணலாம் என்கிறாய். வேண்டாம்டா. அதில் அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு யாரிடமோ கோபமாக இருக்கிற மாதிரி இருக்கிறது. இதையே பெரிசு பண்ணு. ஸ்டுடியோக்காரர் பல்லை வெள்ளையாக்கித் தருகிறேன் என்பார், கேட்காமலே செய்துவிடவும் செய்வார். கூடவே உட்கார்ந்து தடுத்துவிடு. பேரன் பல்லும் ஆயா பல்லும் பக்கத்தில் பக்கத்தில், இருக்கிறபடியே இருக்கட்டும். பெரியவர்கள் யாராவது நன்றாயில்லை என்றால் அக்கா சொன்னாள் என்று சொல்.

பிரேமுக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். அப்பா பிபி மாத்திரையை விடாமல் போடுகிறாரா என்று பார்த்துக்கொள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்றாயே, புதுப்பல் எட்டிப் பார்த்ததும் வெயிலில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா