குட்டியைத் தூக்கும் முன்

ஆசிரியருக்கு,

காப்பக நாய்க்குட்டிகளைத் தத்துக்கொடுக்கும் முகாம் பற்றிய செய்தியைப் படித்தேன். விலைக்கு வாங்குவதைவிட இது மேல். ஆயினும், 10 முதல் 15 ஆண்டுகள் நம்மோடு வாழப்போகும் உயிரை ஒரே மாலையில் முடிவுசெய்து அழைத்து வருவது சரியன்று. (குட்டியின் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் இளகாது?) எங்கள் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த குடும்பமொன்று ஆசையாகக் கொண்டுவந்த நாயை, வீட்டு உரிமையாளர் மறுத்ததால் நான்காம் மாதமே காப்பகத்தில் திரும்ப விட்டது. அது பல நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதமோ 10 முதல் 50 ரூபாய்தான்! எனவே காப்பகங்களே வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைக் கேட்டுப் பெற்று, இரண்டு வாரம் தற்காலிகமாக வளர்க்கக் கொடுத்த பிறகே தத்தை உறுதிசெய்யலாம்.

– வாசகர், குரோம்பேட்டை