மூன்றாம் வகுப்பு எழுதும் மனுவுக்கு யார் பதில் தருவது?

தொடக்க வகுப்புகளுக்குப் பாடநூலும் பயிற்சி நூலும் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியை எழுதுகிறேன். மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானதிலிருந்து ஆசிரியர்கள் கூடுமிடமெல்லாம் பாடத்திட்டப் பேச்சுதான். நூல் அச்சுக்குப் போன பிறகு குறை சொல்வதில் பயனில்லை என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

சிறு வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்க அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது, கொரோனாவால் பள்ளியையே சரியாகப் பார்த்திராத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையைப் பார்த்துப் பிரித்துக் கற்பித்தது உதவியது, இல்லையென்று சொல்லமாட்டேன். எட்டு வயதுக்குள் எல்லாரும் பிழையின்றி வாசிக்க வேண்டும் என்ற இலக்கும் நல்ல இலக்கு. ஆனால் வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு எதை வாசிக்கக் கொடுக்கிறோம்? ‘மாலா பந்து விளையாடினாள்’ என்று ஒரு வரி. அதன் கீழே ‘பந்து விளையாடியது யார்?’ என்று ஒரு கேள்வி. இதன் விடையைத் தெரிந்துகொண்டு யாருக்கும் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, மாலாவுக்குக்கூட. இன்னொரு பக்கம், உயிர்மெய் 216-ஐயும் கட்டம் கட்டி எழுதவைக்கிறோம். ஙௌ வரும் சொல் ஒன்றை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

குடிமைக் கல்வி என்ற பெயரில் சிறு வகுப்புகளுக்குக் கொடுப்பதோ இதைவிட மெலிந்தது. வரிசையில் நில், குப்பையைத் தொட்டியில் போடு, பெரியவர்கள் சொல்வதைக் கேள். மாநிலப் பறவை மரகதப்புறா, மாநில மரம் பனை. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் மரகதப்புறாவைச் சரியாகச் சொல்லும் பிள்ளைக்குத் தன் தெருக்குழாயில் தண்ணீர் திறந்துவிடுவது யார் என்று தெரியாது. தண்ணீர் இரண்டு நாள் வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் தெரியாது. சொன்னபடி நடக்கும் பிள்ளையைத்தான் நல்ல குடிமகன் என்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்த இரண்டு குறைக்கும் மருந்து ஒன்றுதான் என்பது என் கருத்து. ஊரில் எழுதியிருப்பதைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். வாசித்ததை வைத்துக் கேள்வி கேட்கட்டும்.

பள்ளியிலேயே தொடங்கலாம். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார்: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இவற்றைவிட ஆவலாக வாசிக்கும் சொற்கள் எங்கே கிடைக்கும்? அன்றைய உணவைப் பலகையில் எழுதிவைத்து, சாப்பிடும் முன் பிள்ளைகளே வாசிக்க வேண்டும். பலகையில் பொங்கல் என்றிருக்கிறது, தட்டில் உப்புமா இருக்கிறது என்றால் ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். கேட்கட்டும். சமைக்கும் அக்கா காரணம் சொல்வார். பருப்பு வந்து சேரவில்லை என்பார். அதையும் பொறுமையாகக் காதில் வாங்கிக்கொள்ளப் பிள்ளை பழக வேண்டும். பலகையில் எழுதியது எழுதியவரைக் கட்டுப்படுத்தும் என்று ஆறு வயதில் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, பிற்பாடு சட்டம் என்றால் என்னவென்று விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம்.

அடுத்து ரேஷன் கடைப் பலகை. அரிசி, சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில், இருப்பு, விலை. அம்மாவுடன் பையைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளை அங்கே எப்படியும் கால்கடுக்க நிற்கிறது. மேல்நிலைத் தொட்டியில் சுத்தம் செய்த நாளையும் அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நாளையும் பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். இரண்டாம் வகுப்புக்கு அதைவிட நல்ல கழித்தல் கணக்கு கிடையாது. அந்த நாள் கடந்துபோயிருந்தால் கணக்கோடு ஒரு கேள்வியும் கிடைக்கும்.

நான் அதிகம் வலியுறுத்த நினைப்பது வகுப்பறை வேலைப் பட்டியலை. யார் பெருக்குவது, யார் பலகையைத் துடைப்பது, யார் தண்ணீர்க் குடத்தை நிரப்புவது என்பதெல்லாம் பல இடங்களில் வாய்மொழியாகவே நடக்கிறது. வாய்மொழியாக நடக்கும்போது துடைப்பம் எந்தத் தெருப் பிள்ளையின் கைக்குப் போகிறது, குடம் யார் கைக்குப் போவதில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும், எழுதத்தான் தயங்குகிறோம். 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளில் சாதி எப்படியெல்லாம் நுழைகிறது என்று ஆராய்ந்து 2024-இல் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிறு வரை பேசினோம். கயிறு கட்டும் வயதுக்கு வெகு முன்பே பிள்ளை இதைத் துடைப்பத்திலும் குடத்திலும் கற்றுக்கொண்டுவிடுகிறது.

எனவே எல்லார் பெயரும் முறைவைத்து வரும் பட்டியல் ஒன்று ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் இருக்க வேண்டும். பிள்ளைகள் வாசிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில், அவர்களே நாள்தோறும் பார்த்து வேலையைப் பிரித்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். தன் பெயரும் நண்பர்கள் பெயரும்தான் பிள்ளை முதலில் விரும்பி வாசிக்கும் சொற்கள். ‘டீச்சர், இவன் பெயர் இந்த வாரம் இரண்டு முறை வந்திருக்கிறது’ என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கு மொழிப் பாடமும் முடிந்தது, குடிமைப் பாடமும் முடிந்தது. ஒன்றைத் தெளிவாக அச்சிடுங்கள்: கழிவறை இந்தப் பட்டியலில் வரவே கூடாது. அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும்.

இனி எழுதுவதைப் பற்றி. பள்ளிப் பிள்ளை முதன்முதலில் எழுதும் கடிதம் விடுப்பு விண்ணப்பம். ‘எனக்குக் காய்ச்சல் காரணமாக’ என்று தொடங்கி, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று முடியும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தலைமுறை தலைமுறையாக ஒரே காய்ச்சல். அதற்குப் பதிலாக மூன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு மனு எழுதட்டும். எங்கோ இருக்கும் கற்பனை அலுவலருக்கு வேண்டாம், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு எழுதட்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பிள்ளைக்குத் தெரிந்த முகங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மதிலோரம் முள் மண்டிக்கிடக்கிறது, கைகழுவும் குழாய் எட்டவில்லை: இவை ஏழெட்டு வயதில் எழுதக்கூடிய செய்திகள்தான். பிழை இருக்கும். இருக்கட்டும், ஆசிரியர் எழுதிக்கொடுத்து இருபது பேர் பார்த்தெழுதிய மனுவைவிட, ‘தாப்பாள்’ என்று ஒரு பிள்ளை தானே எழுதிய மனு மேல்.

மனுவைவிட முக்கியம் பதில். குழு எழுத்தில் பதில் தர வேண்டும், மூன்றாம் வகுப்பு வாசிக்கும் தமிழில். செய்ய முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதட்டும், பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். பதிலே வராவிட்டால் அவர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் வேறு, அதைப் பிறகு அழிக்க முடியாது. எனவே பதில் தரும் ஏற்பாடு இல்லாத பள்ளிகளில் இந்தப் பயிற்சியே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

கிராம சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் காலையில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அன்றுதான் ஊரில் கிராம சபையும் கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால் பிள்ளைகள் உறுப்பினர் ஆக முடியாது, உண்மைதான். ஆனால் அன்றைய கூட்ட அறிவிப்பை முந்தின நாள் வகுப்பில் வாசிப்பதை யார் தடுக்கப் போகிறார்கள்?

எங்கள் பக்கத்துச் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈராசிரியர் பள்ளிகளில் இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறோம். மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதிலேயே பாதிப் பொழுது போய்விடுகிறது. ஆகவே இதற்கென்று தனிப் புத்தகம் வேண்டாம், தனிப் பாடவேளையும் வேண்டாம். மாலா பந்து விளையாடும் பக்கங்களில் சிலவற்றை எடுத்துவிட்டு, ‘உங்கள் ஊர்ப் பலகையை இங்கே எழுதுங்கள்’ என்று கோடு மட்டும் போட்டுத் தாருங்கள். இதற்கு மதிப்பெண் வேண்டாம். செயலியில் ஏற்றச் சொல்ல வேண்டாம். புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிரச் சொல்லவே வேண்டாம். அப்படிச் சொன்ன மறுநாளே பலகை பளபளக்கும், பிள்ளை ஓரமாக நிற்கும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சியில் அரை நாள் மட்டும் ஒதுக்கித் தாருங்கள். ஒவ்வோர் ஆசிரியரும் தம் ஊர்ப் பலகைகளில் உள்ள சொற்களை எழுதிக்கொண்டு வரட்டும். எது அரும்புக்கு, எது மலருக்கு என்று நாங்களே பிரித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்