நூறு மணி மாலையும் ஒரு லாமாவின் உயிரும்

பள்ளிச் சமூக அறிவியல் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆங்கில அரசுக்காக இரகசியமாகத் திபெத்துக்குள் போன இந்திய அளவைக்காரர்களுக்குப் பாடநூலில் இரண்டு பக்கம் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

இந்திய நில அளவையின் கதையை நம் பிள்ளைகளுக்கு ஆசையாகச் சொல்லலாம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சங்கிலி வைத்து முதல் அடிக்கோட்டை அளந்தது நம் பரங்கிமலை அடிவாரத்தில். அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தஞ்சைக் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதி நசுங்கியதையும், லாம்ப்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே சரிசெய்ததையும் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். பிறகு எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தார், அத்தோடு பாடம் முடிந்தது. நானும் பல வருடம் அப்படித்தான் முடித்தேன். ஆனால் அளவைக்காரர்கள் இமயத்தோடு நிற்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கமும் அவர்களுக்கு வரைபடம் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

போன ஜனவரியில் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மரமணி வாங்கி ஒரு மாலை கோத்துக்கொண்டு போனேன். கையில் வாங்கி எண்ணிப் பார்த்த ஒரு பெண், "சார், எட்டு குறையுது" என்றாள். அவள் பாட்டி உருட்டும் ஜபமாலையில் 108 மணி. என் மாலையில் சரியாக 100.

1865இல் காட்மாண்டிலிருந்து திபெத்துக்குப் புறப்பட்ட நைன் சிங் ராவத்தின் கையிலும் இப்படித்தான் நூறு மணி மாலை இருந்தது. குமாவுன் மலையில் மிலாம் என்ற ஊர்க்காரர். ஐரோப்பியர் தலை தெரிந்தாலே திருப்பி அனுப்பப்படும் நாட்டுக்கு வியாபாரிகளும் யாத்திரிகர்களும் தடையில்லாமல் போய்வருவதைக் கவனித்த நில அளவை அதிகாரி கேப்டன் மாண்ட்கோமரி, இந்தியரையே அளவைக்கு அனுப்பத் திட்டம் போட்டார். முதலில் மத்திய ஆசியாவின் யார்கண்ட் நகருக்குப் போன அப்துல் ஹமீது திரும்பும் வழியில் இறந்துபோனார். அடுத்துத் தேர்ந்தெடுத்தவர்கள் நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும். டேராடூனில் அவர்களுக்குப் பயிற்சி. மேடோ, பள்ளமோ, சமதரையோ, கால் எட்டு மாறக் கூடாது. ஏறக்குறைய 2000 எட்டுக்கு ஒரு மைல். நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மாலை ஒரு சுற்று வந்தால் பத்தாயிரம் எட்டு, ஐந்து மைல். மந்திரத் தாள் சுருட்டி வைக்க வேண்டிய ஜபச் சக்கரத்துக்குள் குறிப்புத் தாள். சோழிக்குள் பாதரசம். அதைக் கிண்ணத்தில் ஊற்றினால் நட்சத்திரத்தின் உயரம் பார்க்கக் கண்ணாடி மாதிரித் தளம் கிடைக்கும். கொதிக்கிற நீரில் வெப்பமானியை வைத்து ஊரின் உயரத்தைக் கணக்கிட்டார்கள்.

அன்றைக்கு நாலு பிள்ளைகளை மாலையோடு விளையாட்டு மைதானத்தைச் சுற்றி வரச் சொன்னேன். நாலு பேருக்கும் நாலு விதமாக வந்தது. பாதி வழியில் ஒரு பையன், தோழன் கூப்பிட்டதில் எண்ணிக்கையை விட்டுவிட்டான். நைன் சிங் அந்த ஒரே பயணத்தில் 1200 மைல் போல நடந்தார். 1866 ஜனவரியில் திபெத்தின் தலைநகர் லாசாவை அடைந்து, அந்த நகரம் உலகப் படத்தில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று குறித்து வந்தார்.

பாடநூல் இந்த வீரத்தை எழுதினால் எனக்குச் சந்தோஷம். அதோடு நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. நைன் சிங் குறித்ததில் மலையும் ஆறும் மட்டும் இல்லை. பாதைகள், கோட்டைகள், ஊர்களின் நிலவரம் எல்லாம் இருந்தன. இது அளவையும்தான், ஒற்று வேலையும்தான். ஒற்று என்ற சொல்லை எழுதத் தயங்க வேண்டாம். ஒரு பேரரசு பக்கத்து நாட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஆள் அனுப்பிச் செய்தி திரட்டியது என்று பச்சையாகச் சொன்னால், நைன் சிங்கின் உழைப்பு ஒரு மாற்றுக் குறையாது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பக்குவம் உண்டு.

இதே வேலைக்குப் போன கிந்துப் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர். திபெத்தின் சாங்போ ஆறுதான் அசாமில் பிரம்மபுத்திராவாக இறங்குகிறதா என்ற கேள்விக்கு விடை காண 1880இல் ஒரு லாமாவுக்குத் துணையாக அனுப்பப்பட்டார். அடையாளமிட்ட கட்டைகளை ஆற்றில் விட வேண்டும்; கீழே அசாமில் ஆள் வைத்துப் பார்ப்பார்கள். கூடப் போன லாமா இவரை அடிமையாக விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். கிந்துப் தப்பி ஓடி ஒரு மடத்தில் அடைக்கலம் புகுந்தார். அந்த மடத்துத் தலைவர் விலை கொடுத்து அவரை மீட்டு, மடத்திலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். கிந்துப் யாத்திரைக்கு விடுப்புக் கேட்டுப் போய் 500 கட்டை வெட்டி ஒரு குகையில் ஒளித்து வைத்தார். இன்னொரு யாத்திரை கேட்டு லாசாவுக்கு நடந்து, இன்ன நாளில் கட்டைகளை விடுவேன் என்று ஒருவரைக் கொண்டு கடிதம் எழுதி அனுப்பினார். திரும்பி வந்து, சொன்ன நாளில், நாளுக்கு ஐம்பது வீதம் பத்து நாள் ஆற்றில் விட்டார்.

கடிதம் கிந்துப்பை அனுப்பிய அதிகாரி ஹார்மனின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அவர் உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்டே போயிருந்தார். 500 கட்டைகளும் பார்ப்பார் இல்லாமல் மிதந்து போயின. நாலு வருடம் கழித்து 1884இல் திரும்பிய கிந்துப் சொன்னதைப் பலர் நம்பவில்லை. அவர் டார்ஜிலிங்கில் துணி தைத்துப் பிழைத்தார். 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் அதே பள்ளத்தாக்கில் நடந்து பார்த்தபோதுதான், அவர் நினைவிலிருந்து சொன்னது பெரும்பாலும் சரி என்று தெரிந்தது. பெய்லி அவரைத் தேடிப் பிடித்தார், ஓய்வூதியம் கேட்டு வாதாடினார். அரசு ஓய்வூதியம் தரவில்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்தது. கொஞ்ச நாளில் கிந்துப் இறந்துவிட்டார். பெய்லி, மோர்ஸ்ஹெட் கொண்டுவந்த விவரங்கள் 1914இல் சிம்லாவில் இந்தியாவுக்கும் திபெத்துக்கும் எல்லையாக மக்மகன் கோடு வரைய உதவின. இன்றைக்கும் நாம் செய்தித்தாளில் படிக்கிற அதே கோடுதான்.

எல்லாவற்றிலும் மேலாக நான் கேட்பது செங்சென் லாமாவுக்கு நாலு வரி.

சரத் சந்திர தாஸ் சிட்டகாங்கில் பிறந்தவர், டார்ஜிலிங்கில் பூட்டியா உறைவிடப் பள்ளியின் தலைமையாசிரியர். நம்மைப் போல வாத்தியார். 1879இலும், பிறகு 1881இலும், அதே பள்ளி ஆசிரியர் உக்யென் கியாட்சோவோடு திபெத்துக்குள் போனார். திபெத்தின் தஷில்ஹுன்போ மடத்தில் உயர்ந்த பதவியில் இருந்த செங்சென் லாமா அவருக்கு இடம் கொடுத்தார். வெளி உலகக் கல்வியில் தீராத ஆசை கொண்டவர் அந்த லாமா. கல் அச்சு இயந்திரம் ஒன்று வேண்டும் என்று தாஸிடம் கேட்டவர். தாஸ் லாசா வரை போய்ப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார். அவருடைய அறிக்கைகளை அரசு இரகசியமாக அச்சிட்டது. அவருக்குப் பட்டமும் பரிசும் வந்தன. அவர் சேர்த்த ஏடுகளும் தொகுத்த திபெத்திய அகராதியும் பெரிய அறிவுச் செல்வம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

விருந்தாளி ஆங்கில அரசின் ஒற்றர் என்பது லாசா அரசுக்குத் தெரியவந்தபோது செங்சென் லாமாவைப் பிடித்தார்கள். சவுக்கடி கொடுத்து, 1887இல் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அவருக்கு மறுபிறவி தேடக் கூடாது என்று தடை போட்டார்கள். ஒரு லாமாவுக்குச் சாவைவிடக் கொடிய தண்டனை அது. அவருடைய உறவினர்கள் சிறையில் வாடினார்கள்.

அந்த மனிதர் வாசலுக்கு வந்தவருக்குச் சோறும் கூரையும் கொடுத்தார். பாதை தெரிந்துகொண்ட அரசு 1903 கடைசியில் யங்ஹஸ்பண்ட் தலைமையில் படையே அனுப்பியது. 1904இல் குரு என்ற இடத்தில் சில நிமிடங்களில் 600க்கும் மேற்பட்ட திபெத்தியர் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன் செத்து விழுந்தார்கள். அந்தப் படை போன வழியில் இருக்கும் கியாண்ட்சேக்குப் பக்கத்தில்தான் செங்சென் லாமாவின் டோங்சே மடம்.

வகுப்பில் இதைச் சொன்னபோது முதலில் யாரும் பேசவில்லை. பிறகு அதே பெண் எழுந்தாள். "அந்த தாஸ் வாத்தியார் திரும்பிப் போய் லாமாவைக் காப்பாத்தலையா சார்?" என்றாள். "காப்பாற்றவில்லை அம்மா, அவரை அனுப்பிய அரசும் காப்பாற்றவில்லை" என்றேன்.

ஆகவே ஐயா, அம்மா, நைன் சிங்கின் படம் போடுங்கள். 2004இல் அவருக்கு வந்த அஞ்சல் தலையையே அச்சிடலாம். கிந்துப்பின் பெயரை அடிக்குறிப்பில் போடாமல் பாடத்திலேயே எழுதுங்கள். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், செங்சென் லாமா என்ற பெயரும் வரட்டும். பயிற்சிப் பகுதிக்கு மாலையை எடுத்துக்கொள்ளலாம்; எந்தப் பள்ளியிலும் செய்யலாம், செலவு நூறு மரமணியும் ஒரு நூலும். அந்த மாலையை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தேன். உங்களுக்கு ஒன்று கோத்து வைத்திருக்கிறேன். முகவரி தெரிவித்தால் அனுப்பிவைப்பேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்