ரிச்சி தெரு கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்: பழசு என்றால் பழசு என்றே பில்லில் எழுதுங்கள்

ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சென்னையின் அந்த எலக்ட்ரானிக்ஸ் கடை வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் சூளைமேட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒரு கல்யாணம் முடிந்தால் இரண்டு மூன்று கேமரா, ஒரு ட்ரோன் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ஜிபி சாதாரணமாக வந்துவிடும், அதனால் வருஷத்துக்கு நான்கைந்து எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்காவது வாங்காமல் என் தொழில் ஓடாது. அத்தனையும் உங்களிடம்தான் வாங்கியிருக்கிறேன். ஆன்லைனில் நூறு இருநூறு குறைவாகக் கிடைத்தபோதும் மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துதான் வருவேன். முதல் முதலாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரேடியோ ரிப்பேருக்குச் சாமான் வாங்க வந்த தெரு அது, அந்தப் பாசம் விடவில்லை.

இந்தத் தெருவை நான் எவ்வளவு நம்பினேன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து அங்கிருந்த ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் தண்ணீரில் மூழ்கின, உலகம் முழுக்க விலை எகிறியது, ஞாபகம் இருக்கும். அந்தச் சமயத்தில் 1 டிபி வாங்கலாம் என்று வந்தேன். கடையில் இருந்த பெரியவர் ஸ்டாக் வைத்துக்கொண்டே, "தம்பி, இப்ப அவசரத்துக்கு மட்டும் சின்னதா ஒண்ணு எடுத்துக்குங்க, விலை இறங்கினப்புறம் பெருசா வாங்கிக்கலாம்" என்று சொல்லி 500 ஜிபியைக் கொடுத்து அனுப்பினார். லாபத்தை விட்டுவிட்டுச் சொன்ன அந்த வார்த்தைக்காகவே அவர் கடையை மூடும்வரை அவரிடம்தான் வாங்கினேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு கடையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

போன வருஷம் ஒரு சாயங்காலம். சீல் போட்ட 2 டிபி டிரைவ் எல்லாக் கடையிலும் ஆறாயிரத்துக்கு மேலே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு சந்துக்குள் மாடியில் இருந்த கடையில் 2,700 என்றார்கள். எக்ஸ்போர்ட் பீஸ், வரி இல்லாமல் வந்தது, அதனால்தான் இந்த விலை என்றார்கள். நான் உடனே எடுத்துவிடவில்லை. போட்டுக் காட்டுங்கள் என்றேன், கடை கம்ப்யூட்டரில் போட்டார்கள், 1.81 டிபி என்று வந்தது, 2 டிபி டிரைவ் விண்டோஸில் அப்படித்தான் காட்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பாட்டை காப்பி செய்து ஓடவிட்டும் காட்டினார்கள். ஓடியது. ஒரு சின்னச் சீட்டில் 'எச்டிடி 2 டிபி, 2700' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நல்லவேளை, அதில் கஸ்டமர் வேலை எதையும் போடவில்லை. வீட்டு விஷயங்களை மட்டும் போட்டேன். ராத்திரி முழுக்க காப்பி ஆனது, நொடிக்குப் பத்து எம்பி கூட வரவில்லை, கேபிள் மோசமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் முதல் நான்கைந்து ஃபைலைத் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது, லேப்டாப்பில் இடம் வேண்டும் என்று அங்கே இருந்ததை அழித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து எங்கள் ஆயா தவறிப்போனது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று, ஆயா மொட்டை மாடியில் கூழ் வடகம் ஊற்றிக்கொண்டே, தான் கல்யாணமாகி செய்யாறிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு வந்த கதையைச் சொல்லும் நாற்பத்தேழு நிமிஷ வீடியோவைத் தேடினேன். ஃபைல் பெயர் இருந்தது. அளவும் சரியாகக் காட்டியது. திறக்கவில்லை. அதற்கு முன்னால் இருந்தது, பின்னால் இருந்தது, எதுவும் திறக்கவில்லை.

டேட்டா ரிகவரி செய்கிறவரிடம் கொண்டு போனேன். அவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இது கெட்டுப்போன டிஸ்க் இல்லை சார், கெட்டிருந்தா முயற்சி பண்ணலாம், இதுல உங்க ஃபைல் எழுதவே படலை" என்றார். ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே சுழலும் தட்டு இல்லை, மோட்டார் இல்லை. விரல் அகலத்துக்கு ஒரு பச்சை போர்டு, அதில் செல்போனில் போடும் 64 ஜிபி மெமரி கார்டு ஒன்று, கனம் தெரிவதற்காக ஓரத்தில் பசை வைத்து ஒட்டிய இரண்டு இரும்பு நட்டு. அந்த போர்டில் இருக்கும் புரோகிராமை மாற்றி 2 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். 64 ஜிபி நிறைந்ததும் மேற்கொண்டு வருவதை எங்கேயும் வைக்காது, ஆனால் பெயரையும் அளவையும் மட்டும் பட்டியலில் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினால் தெரியவே தெரியாது. அந்த நட்டு இரண்டையும் நான் இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பில் இருக்கா? செக் பண்ணித்தானே சார் எடுத்துட்டுப் போனீங்க" என்றார்கள். 2,700 போனது போகட்டும். ஆயாவின் குரல் வேறு எங்கேயும் இல்லை.

அண்ணே, குறைந்த விலைக்கு விற்பது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. குறைந்த விலைக்காகத்தான் தாம்பரத்திலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் காலேஜ் பிள்ளைகள் உங்கள் தெருவுக்கு வருகிறார்கள். அதில் எத்தனையோ நேர்மையான காரணமும் இருக்கிறது. ஆபீஸ் லேப்டாப்பை எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவுக்கு, மாற்றும்போது கழற்றிய ஹார்டு டிஸ்க்கை ஒரு கேஸிங்கில் (வெளி டப்பாவில்) போட்டுத் தருகிறீர்கள், அது பாதி விலைக்குக் கிடைத்தால் மூன்றாவது காப்பி வைத்துக்கொள்ள நானே வாங்குவேன். வாங்கியும் இருக்கிறேன். ஆனால் அது கழற்றிய டிஸ்க் என்று தெரிந்து வாங்க வேண்டும். புது கேஸிங், புது பிளாஸ்டிக் கவர், மேலே ஒரு ஸ்டிக்கர், 'பிராண்ட் நியூ சார்' என்ற ஒரு வார்த்தை, இதெல்லாம் சேர்ந்து நாலு வருஷம் ஓடிய டிஸ்க்கைப் புதுசாக்கிவிடாது.

கழற்றிய டிஸ்க்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. என் நண்பன் அப்படி ஒன்று வாங்கி, தெரியாமல் தன் ஃபைலை அழித்துவிட்டு, ரிகவரி சாஃப்ட்வேர் ஓட்டினான். அவனுடைய ஃபைலோடு சேர்ந்து யாரோ ஒரு குடும்பத்தின் ஆதார் காப்பி, குழந்தை போட்டோ, சம்பளச் சீட்டு எல்லாம் வந்து நின்றது. குவிக் ஃபார்மேட் போட்டால் பட்டியல்தான் அழியும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். விற்பதற்கு முன்னால் ராத்திரி கடையை மூடும்போது முழு ஃபார்மேட் போட்டுவிட்டுப் போங்கள், காலையில் முடிந்திருக்கும். அந்தக் குடும்பத்துக்குத் தங்கள் ஆதார் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1 டிபி என்று வாங்கிவிட்டு 931 ஜிபிதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று கடை வாசலில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கடைக்காரர் தப்பு இல்லை. கம்பெனி லட்சம் கோடி பைட்டை 1 டிபி என்று கணக்குப் போடுகிறது, விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதில் 1024-ஆல் வகுத்துக்கொண்டே போகிறது, அதனால் வரும் வித்தியாசம். இதை ஒரு தாளில் எழுதி கவுண்டரில் ஒட்டி வைத்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

சரி, நான் கேட்பது என்ன? பில்லில் மூன்று சொல் அதிகமாக எழுதுங்கள். புதுசா, கழற்றியதா. சீரியல் நம்பர். வாரண்டி கம்பெனியுடையதா, கடையுடையதா. அவ்வளவுதான். சீரியல் நம்பர் இருந்தால் கம்பெனி வெப்சைட்டில் போட்டு வாரண்டி எதுவரைக்கும் என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். லேப்டாப்போடு வந்த டிஸ்க்குக்குப் பெரும்பாலும் கம்பெனி நேரடி வாரண்டி தராது, அதைச் சொல்லிவிட்டு, கடை வாரண்டி ஆறு மாசம் என்றால் ஆறு மாசம் என்று எழுதிக் கொடுங்கள், ஏற்றுக்கொள்வோம். 'பில் வேணும்னா 18 பர்சென்ட் சேரும்' என்ற பேச்சு மட்டும் வேண்டாம். விலை சொல்லும்போதே வரியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், கவுண்டரிலேயே இரண்டு நிமிஷம் கொடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓசியில் கிடைக்கும் சாஃப்ட்வேர், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, டேட்டா எழுதும் சின்னச் சின்ன இடங்களான செக்டாரில் எத்தனை கெட்டுப்போய் மாற்றப்பட்டிருக்கிறது என்று காட்டிவிடும். எனக்கு வந்தது மாதிரி போலி டப்பா என்றால் அந்த விவரம் பெரும்பாலும் வரவே வராது. இன்னொரு வழி, உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது. நிஜ ஹார்டு டிஸ்க் ஓடும்போது லேசாக அதிரும், காதில் வைத்தால் சன்னமாக ஒரு ரீங்காரம் கேட்கும். அன்றைக்கு அந்தக் கடையில் ஆம்ப்ளிஃபயர் ஓடிய சத்தத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

ஆனால் இந்த மணிக்கணக்கையும் மாற்றிவிடுகிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளியே வந்தது: வருஷக்கணக்கில் ஓடிய சீகேட் கம்பெனி டிஸ்க்குகளின் மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள், டிஸ்க்குக்குள் தனியாக இருக்கும் இன்னொரு பதிவைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அங்கே வாங்கி விற்ற பல கடைக்காரர்களுக்கே அது தெரியாதாம். உங்களில் பலருக்கும் அப்படித்தான் சப்ளையர் தலையில் கட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முழுச் சோதனைக்கு நாள் கேட்கிறேன். எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற புரோகிராம் டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும், அளவில் பொய் சொல்லும் போலி தப்பவே முடியாது. 2 டிபியை நொடிக்கு நூறு எம்பி வேகத்தில் எழுத ஐந்தரை மணி நேரம், படிக்க இன்னொரு ஐந்தரை. கடையில் நின்றுகொண்டு செய்ய முடியாது. வீட்டுக்குக் கொண்டு போய்ச் சோதித்து, சரியில்லை என்றால் ஏழு நாளில் திரும்பத் தரலாம் என்று பில்லில் ஒரு வரி இருந்தால் போதும். நீங்களும் அதே சோதனையின் முடிவை எடுத்துக்கொண்டு சப்ளையரிடம் போகலாம்.

சட்டத்திலும் இது இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழைய பொருளைப் புதுசு என்று விற்பதும், பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் நியாயமற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் எழுதவில்லை என்றால் முப்பது நாள் வரை திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டால் புகாரை எடுத்துக்கொள்வார்கள். நான் போடவில்லை, கையில் இருந்தது அந்தச் சீட்டு மட்டும்தான், ஆயா போன துக்கத்தில் அதற்குத் தெம்பும் இல்லை. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒழுங்காகக் கடை நடத்தும் உங்களில் பெரும்பாலானவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. சந்துக்குள் 2,700-க்கு நட்டும் போல்ட்டும் விற்கிறவனால் வியாபாரம் போவது உங்களுக்குத்தான். என்னோடு வேலை செய்யும் பையன்கள் இரண்டு பேர் அதற்கப்புறம் ரிச்சி தெருப் பக்கமே வருவதில்லை, எல்லாம் போனிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் சங்கத்தில் உட்கார்ந்து பேசி, இந்த மாதிரி டப்பாவை யாரும் வாங்குவதும் இல்லை விற்பதும் இல்லை என்று முடிவெடுத்தால் ஒரு மாசத்தில் அது தெருவை விட்டுப் போய்விடும்.

நான் வருவேன். தை பிறந்தால் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, 4 டிபி இரண்டு வேண்டும், ஒன்று வேலைக்கு, ஒன்று பேக்கப்புக்கு. லேப்டாப்பைக் கையோடு எடுத்து வருகிறேன். கவுண்டர் ஓரத்தில் ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் கொடுங்கள்.